அரிசி டிரம்முக்குள் அடித்த மணி

மதினி,

இன்று காலை உலைக்கு அரிசி எடுக்க டிரம்முக்குள் கையை விட்டேன். படி தட்டுப்படுவதற்கு முன்னால் விரல்கள் எதையோ துழாவின. உங்கள் செல்லைத்தான். நீங்கள் போய் இத்தனை வருடமாகியும், அந்த டிரம்மே மாறியும், என் கைக்கு மட்டும் புத்தி வரவில்லை.

அரிசிக்குள் போன் மணியடித்த வீடு ஊரில் நம் வீடு ஒன்றுதான். நாம் பட்டாசு செய்யப் போன பயர் ஆபீஸ் கேட்டுக்குள் செல் கொண்டுபோகக் கூடாது. ஒரு பொறி போதும், எல்லோரும் போய்ச் சேர. வீட்டில் வைத்துவிட்டுப் போகவும் உங்களுக்கு மனம் வராது. உங்கள் தம்பி பேசியே காசைத் தீர்த்துவிடுவார், நான் அம்மாவைக் கூப்பிட்டு உங்களைக் குறை சொல்வேன், பக்கத்து வீட்டுக்காரி தூக்கிவிடுவாள். அதனால் பிளாஸ்டிக் கவரில் சுற்றி அரிசிக்குள் புதைத்துவிட்டு வேன் ஏறுவீர்கள். சோறு பொங்குகிறவளே நான்தான் என்பது உங்களுக்கு எப்படித்தான் மறந்ததோ!

எனக்கு டிபி என்று சாத்தூர் ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று ராத்திரி நீங்கள் சுவரோரமாகப் பாயை விரித்தீர்கள். பால் மறந்த நாளிலிருந்து உங்களோடு ஒட்டிக்கொண்டே தூங்கிய என் மகள் அன்றைக்கும் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அங்கன போயி ஒங்க அப்பன்கிட்ட படு. எம்பக்கம் வராத" என்று விரட்டினீர்கள். பிள்ளை தேம்பித் தேம்பி அழுதது. நோய் எனக்கு, தீட்டு என் பிள்ளைக்கா? நல்லது கெட்டதுக்குத் தாயாக நின்ற நீங்களா இப்படி என்று உங்கள் முகத்தைப் பார்க்கவே கூசினேன்.

பிறகு டிபி ஆபீசிலிருந்து ஒரு நர்ஸ் வந்தார். ஜீப்பில் வந்தால் தெருவே பார்க்கும் என்று நான் கெஞ்சியதால் டவுன் பஸ்ஸில் வந்தார். கையில் நோட்டு இல்லை, ஒரு செல். அதில் வரும் கேள்வியைப் படிப்பார், நாம் சொன்னதை அமுக்குவார். நோயாளியோடு புழங்குகிறவர்களில் வேறு யாருக்கு இருமல் என்று கண்டுபிடிக்கப் புதிதாகக் கொடுத்ததாம்.

"வீட்டுல வேற யாருக்காவது இருமல் இருக்கா அக்கா?"

"எல்லாருக்குந்தான் இருக்கு. வெடிமருந்துத் தூசியில கெடக்கவுகளுக்கு இருமாம பன்னீரா மணக்கும்?" என்றீர்கள். உங்களைச் சொல்லி என்ன, ரத்தம் வரும்வரை நானும் என் இருமலைத் தூசி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நம் பக்கம் அத்தனை பேரும் அப்படித்தான்.

நீங்கள் அந்தச் செல்லையே முறைத்தீர்கள். "நீங்க அமுக்குறது எங்கன போகுது?"

"சூலக்கரை டிபி ஆபீசுக்கு. எங்க ஆபீசருக்கு மட்டும்."

"அவுகளுக்கு எங்க மொதலாளியத் தெரியாதாக்கும்? நாளைக்கே போர்மேன் எங்கள வேன்ல ஏத்த மாட்டான். சீசன் நேரத்துல சோத்துக்கு நீங்களா தருவீக?"

நான் நர்ஸை வழியனுப்பும் சாக்கில் பஸ் ஸ்டாப் வரை போய், மதினிக்கு எனக்கும் முந்தியே இருமல் என்று சொல்லி உங்கள் நம்பரையும் கொடுத்தேன். அவர் அமுக்கிக்கொண்டார். பிள்ளை அத்தனை நாள் உங்கள் மூச்சுக்காற்றில் கிடந்தவள். அப்படிச் சொன்னதற்கு இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை.

மறுநாள் சாயங்காலம் டிரம்முக்குள் மணி அடித்தது. எடுத்துக் கேட்டீர்கள், "ராங் நம்பர்" என்று கட் பண்ணினீர்கள், என்னைப் பார்த்தீர்கள்.

"ஏட்டி, நீதான காட்டிக் கொடுத்த?"

"ஆமா, நாந்தான். பிள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லுவா?"

அதற்குப் பிறகு மணி அடிப்பதும் நீங்கள் கட் பண்ணுவதுமாகவே போனது. பிள்ளையை நான் சாத்தூருக்குத் தூக்கிப்போய்க் காட்டினேன். நோய் இல்லை, முன்னெச்சரிக்கையாக மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சொன்னபோது, "சரி" என்றதோடு எழுந்து போய்விட்டீர்கள்.

மஞ்சள்காமாலை என்று ஊருக்குச் சொல்லிவிட்டு நான் வீட்டில் இருந்தேன். இனி என்னால் பிறருக்குப் பரவாது, வேலைக்குப் போகலாம் என்று நர்ஸ் சொன்ன பிறகு ஒரு காலையில் வேனுக்கு நின்றேன். முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்த நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. போர்மேன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவர், "என்னம்மா, காமாலை எறங்கிருச்சா? ஏறு ஏறு, லோடு நிக்கிது" என்றார். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் மணி அடிப்பதற்காகக் காத்திருந்து எடுத்தீர்கள். "நாந்தான் பேசுதேன். இவ பேரு மொதல்ல ஒங்க செல்லுக்குள்ள போச்சு. இவள வேன்ல ஏத்திட்டான். அப்பம் அது வெளிய சொல்லல. எம் பேரையும் போட்டுக்கோங்க. போன பொங்கல்லயிருந்து இருமல். இவளுக்கு டிபின்னு சொன்ன அன்னைக்கே எனக்கு எம்மேல சந்தேகம் வந்துட்டு. அதான் பிள்ளைய பக்கத்துல படுக்க விடல."

முறத்தைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். "இத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா மதினி?"

"சொன்னா? நீ பஸ் ஸ்டாப்புக்கு ஓடியிருப்ப."

உங்களுக்கும் டிபிதான். மாத்திரை முழுவதும் சாப்பிட்டு முடித்தீர்கள். ஆனால் நெஞ்சு ஏற்கெனவே அரித்துப் போயிருந்தது. மூச்சு திரும்பவே இல்லை. சில வருடம் இழுத்து இழுத்துப் போய்ச் சேர்ந்தீர்கள். போர்மேன் முகத்துக்காக வீணாக்கிய அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் உங்கள் மேல் கோபமாக வருகிறது. ஆனால் காமாலை இல்லை டிபி என்று தெரிந்திருந்தால் அந்த ஆள் என்னை ஏற்றியிருப்பாரா? இன்றைக்கும் எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் உங்களை முழுசாகத் திட்டவும் முடியவில்லை.

கொஞ்ச நாளாக எனக்கு மறுபடி இருமல். தூசிதான் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். நேற்று மதுரையிலிருந்து வந்த மகள் என் பக்கத்தில் பாயை விரித்தாள். "அங்கன போயி படு" என்று என் வாயில் வந்தது. அவள் முகம் அன்றைக்குப் போலவே சுண்டிப்போனது.

நீங்கள் சொல்லாததை நான் சொன்னேன், மதினி. "கோவிச்சுக்காத, ஆத்தா. எனக்கு இருமல் இருக்கு. என்னன்னு தெரியல. அதான்."

உடனே அவள் செல்லை எடுத்தாள். "ஆருக்குப் போடுத? அது எங்கன போகும்?" என்றேன்.

"அத்த மாதிரியே பேசாதீங்கம்மா" என்றாள். எனக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. காலையில் இருவரும் சாத்தூர் போய் என் சளியைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தோம்.

முடிவு சொல்லக் கூப்பிடுவார்கள். செல்லை அரிசிக்குள் வைக்கவில்லை. தலைமாட்டில் வைத்திருக்கிறேன். மணி அடித்தால் நானே எடுப்பேன்.