புஷ் கருவியின் சின்ன ஓட்டை

அன்புள்ள அம்மாவுக்கு, மாசாயிலிருந்து இன்பராணி எழுதுவது. முட்டி வலி குறைந்ததா? போனில் நான் கத்தினாலும் உங்களுக்குக் கேட்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கெலாங் பாத்தாவில் பட்டறை வைத்திருக்கும் ரூபேந்திரனுக்கு, கார் சஸ்பென்ஷனிலிருந்து பழைய புஷ்ஷை, அதாவது ரப்பர் வளையத்தை, தள்ளி எடுக்கும் கருவிகளை என் கடையிலிருந்து விற்றிருந்தேன். அவற்றின் இரும்புத் தகட்டு ஓட்டையில் போல்ட்டு நுழையவில்லை.

"எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்குங்கக்கா. இனிமே எனக்கு வேற கடைதான் லா" என்றார்.

நல்ல வாடிக்கையை விட்டுவிடுவேனா? நேரே அவர் பட்டறைக்குப் போய், ஓட்டையைப் பெரிதாக்க, வட்டமாக அறுக்கும் பிளேடை டிரில்லில் மாட்டினேன். அதன் நடுமுனை பிடித்து நிற்க ஓட்டைக்குள் ஒன்றுமில்லை. பிளேடு வழுக்கி, மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. பயப்படாதீர்கள், சோறு பிசைய முடிகிறது.

"அலமாக், விட்டுடுங்கக்கா" என்று பதறினார் ரூபேந்திரன்.

நான் ஒரு பலகைத் துண்டைச் சீவி, ஓட்டைக்குள் இறுக அடித்தேன். இப்போது நடுமுனை மரத்தில் ஊன்றிக்கொண்டது, பிளேடு அசையாமல் இரும்பை அறுத்தது. போல்ட்டு சுகமாக நுழைந்தது. அங்கேயே ஒரு காரின் புஷ்ஷைத் தள்ளி எடுத்துக் காட்டிவிட்டு, மற்றக் கருவிகளையும் சரிசெய்து கொடுத்தேன்.

"எந்தக் கடைன்னு சொன்னீங்க தம்பி?" என்று கேட்டேன்.

"உங்க கடைதான்க்கா" என்று சிரித்தார்.

எலுமிச்சை ஊறுகாய் அனுப்புங்கள். சின்ன போத்தல் போதும், பெரியது ஒருத்தி தின்று தீருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்ன சமைத்தீர்கள் என்றும் எழுதுங்கள்.

வாசலில் யாரோ பொந்தியானிலிருந்து வந்து, "ரூபேந்திரன் சொன்ன அக்கா கடை இதானே?" என்று கேட்கிறார். போகிறேன் அம்மா.

உங்கள் மகள்,
இன்பராணி