அளவுக்கு ஒரு ஆள்

மார்ச் 4

காலண்டர் கம்பெனிக்காக இந்த முறை கடற்கரைச் சாலை முழுவதும் படம் எடுக்கிறார் என் கணவர். கோட்டை, பீரங்கி மேடு, கலங்கரை விளக்கம். கார் ஓட்டுவது நான். அவர் வெளிச்சம் பார்ப்பார். நிறுத்தியதும் சாவி அவர் பைக்குப் போய்விடும். நான் சிவப்புச் சட்டையோடு போய்ச் சுவருக்குக் கீழே நிற்க வேண்டும். ஆள் நின்றால்தான் சுவர் எவ்வளவு உயரம் என்று தெரியுமாம். சம்பளமில்லாத ஆள், கசக்குமா?

இன்று ஒரு வளைவில் "நிறுத்து!" என்று கத்தினார். பின்னால் லாரி. சற்றுத் தள்ளித்தான் நிறுத்த முடிந்தது. அதற்குள் சூரியன் மேகத்துக்குள் போய்விட்டது. காதோடு சேர்த்து ஓங்கி ஒரு அறை. இன்னும் ரீங்காரம் நிற்கவில்லை.

மார்ச் 5

கன்னம் வீங்கிவிட்டது. "மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கோ" என்றார். அவ்வளவுதான் விசாரிப்பு.

மார்ச் 6

கோட்டைக் காவலாளி பெருக்கிக்கொண்டே படத்துக்குள் வந்துவிட்டார். கேமரா ஸ்டாண்டை எடுத்து அவர் வாயிலேயே அடித்தார் இவர். கல்தரையில் ஒரு பல். குறுக்கே போனேன், அடுத்த அடி என் மணிக்கட்டில்.

"ஓடிப் போயிடும்மா" என்றார் காவலாளி, ரத்தத்தைத் துப்பிவிட்டு.

எங்கே ஓட? இந்தச் சாலையிலேயே அக்கா வீடு இருக்கிறது. லாட்ஜ் அறைக்கு வந்ததும் கேட்டேன்: "அரை மணி நேரம் பாத்துட்டு வந்துடலாங்க."

கழுத்தைப் பிடித்துச் சுவரோடு தூக்கினான். கால் தரையில் இல்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒருநாள் கையை எடுக்க மறந்துவிடுவான் இவன் — பயமாயிருக்கு. அக்காகிட்ட போயிடணும். உயிரோட போயிடணும்.

மார்ச் 7

விழுங்க முடியவில்லை. தண்ணீர்கூட.

மார்ச் 8

எழுதிவிடுகிறேன்.

கலங்கரை விளக்கத்தின் உச்சியில் ஏறிக் கீழே பார்த்து எடுத்துக்கொண்டிருந்தான். நான் அடியில், சிவப்புப் புள்ளியாக. திடீரென்று கத்தல்: "காரு படத்துல விழுது! எடு அதை!" இறங்கி வரச் சோம்பல். மேலேயிருந்தே சாவியை வீசினான்.

மணலில் விழுந்த சாவியை எடுத்தேன். காரில் ஏறினேன். "இன்னும் தள்ளி!" என்றான். தள்ளிப் போனேன். நிற்காமல் போனேன்.

பாழாய்ப்போன மணல்! சக்கரம் புதைந்து சுற்றியது. அதற்குள் அவன் இறங்கி ஓடி வந்துவிட்டான். ஸ்டாண்டால் கண்ணாடியை நொறுக்கி, கையை விட்டு என் முடியைப் பிடித்தான். விரலைக் கடித்தேன். எலும்பு தட்டும்வரை கடித்தேன். ரிவர்ஸ் போட்டு மிதித்தேன். வண்டி துள்ளிக் கிளம்பியது. அவன் பாதம் சக்கரத்துக்கு அடியில் நொறுங்குவதைக் கேட்டேன். கத்தினான். நிறுத்தவில்லை. கொத்து முடி அவனோடு போயிற்று.

வாயெல்லாம் ரத்தம். அவனுடையது. இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டு ஓட்டினேன்.

மார்ச் 10

அக்கா வீடு. நேற்று போலீஸ் ஸ்டேஷனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அவன் காலையும் சேர்த்து.

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவுக்குப் போன் செய்தான். "டிக்கியில லென்ஸ் பை இருக்கும். வெயில்ல வைக்காதீங்க, கெட்டுடும்."

"என் தங்கச்சி எப்படி இருக்கான்னு கேக்கத் தோணலையாடா உனக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள் அக்கா.

சாயங்காலம் இருவரும் பையோடு கடலுக்குப் போனோம். பாறைமேல் நின்று ஒவ்வொன்றாக வீசினேன். கடைசி லென்ஸ் நல்ல கனம், தோள் பிடித்துக்கொண்டது. அக்கா தைலம் தேய்த்துவிட்டாள்.