சர்வரில் கட்டிய மாடு

ஜூன் 3, செவ்வாய்

தகுதிகாண் காலம் முடிய இன்னும் நான்கு வாரம். நாற்பத்தொரு வயதில் பம்பு கம்பெனி சூப்பர்வைசர் வேலையை விட்டு, கணினி படித்து, பீளமேட்டில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறேன். படித்த ஒரு வருஷமும் வீட்டை ஓட்டியவள் என் மனைவி கயல்விழி. வேலை நிரந்தரமாகாவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

இன்று டீம் லீட் யுஸ்ரா, என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், சொன்னாள்: “கௌதமண்ணா, டெஸ்ட் சர்வர் எல்லாருக்கும் பொதுவுங்க. எந்த சாஃப்ட்வேர் போடறதா இருந்தாலும் ஒரு வார்த்த சொல்லிப்போட்டுப் போடுங்க.” சரிங்க என்றேன். யார் என்ன கேட்டாலும், என்ன விற்க வந்தாலும் சரிங்கதான். எங்கள் வீட்டில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் இரண்டு இருப்பது அதனால்தான்.

ஜூன் 5, வியாழன்

சொல்லாமல் போட்டுவிட்டேன். கட்டளை அடிக்கும் டெர்மினல் திரையில் எழுத்துகளாலேயே ஒரு மாட்டை வரைந்து, நாம் கொடுப்பதை அது பேசுவதுபோல் காட்டும் கருவி. காங்கேயத்தில் பிறந்தவன் சும்மா இருப்பேனா? மென்பொருள்களைப் போடவும் நீக்கவும் உள்ள பேக்கேஜ் மேனேஜர் நிரலுக்கு ஒரு வரி அடித்தேன். தொடரவா என்று கேட்டது. ஆமாம் என்று Y தட்டினேன். இப்போது யார் சர்வருக்குள் வந்தாலும் மாடு வணக்கமுங்க சொல்கிறது.

பக்கத்து மேசை சாய்ப்ரியா எட்டிப் பார்த்தாள். “திமிலே இல்லீங்களேண்ணா. இதா காங்கேயம்?”

ஜூன் 6, வெள்ளி

“மாட்ட யாருங்க கட்டுனது?” என்று யுஸ்ரா பொதுவாகக் கேட்டாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஜூன் 9, திங்கள்

காலையில் மாட்டை நீக்கினேன். அதோடு எழுந்து டீ குடிக்கப் போயிருக்கலாம். தடயமே இருக்கக் கூடாது என்று ஒரு வீம்பு. மாடு ஓட பெர்ல் என்று இன்னொரு மென்பொருள் தேவை எனப் படித்திருந்தேன். மாட்டோடு வந்ததுதானே, அதுவும் போகட்டும் என்று நீக்கச் சொன்னேன். அதோடு சேர்ந்து நீங்குபவை என்று திரையில் ஒரு பட்டியல் ஓடியது — கல்யாணப் பந்தி அளவுக்கு நீளம். கடைசியில் அதே கேள்வி: தொடரவா? இவ்வளவு மரியாதையாகக் கேட்பவரிடம் மாட்டேன் என்பது எப்படி? Y.

பெர்ல் மாட்டோடு வரவில்லையாம். முன்பே இருந்திருக்கிறது, பாதி சர்வர் அதை நம்பி நின்றிருக்கிறது. டேட்டாபேஸ் மென்பொருளும் சேர்ந்து போனது. எல்லோருடைய வேலையும் நின்றது.

“யாராச்சும் ஏதாச்சும் எடுத்தீங்களா?” யுஸ்ரா ஒவ்வொருவராகக் கேட்டாள். என் முறை வந்தது.

“இல்லீங்க.”

வாழ்க்கையில் நான் தைரியமாகச் சொன்ன முதல் இல்லை. அதுவும் பொய்.

தன் வேலையில்தான் பிழை என்று சாய்ப்ரியா தேடிக்கொண்டே இருந்தாள். அவிநாசியில் அக்கா வளைகாப்புக்கு நான்கு மணி பஸ்ஸில் போக வேண்டியவள். மணி நாலரை ஆனது. “நான் அப்பறமா வாரேன், நீங்க ஆரம்பிச்சிருங்க” என்று போனில் சொன்னபோது அவள் குரல் உடைந்தது. அட சீ, நானெல்லாம் ஒரு மனுசனா? எழுந்து யுஸ்ராவிடம் போனேன். நாந்தாங்க என்றேன்.

“தெரியுமுங்கண்ணா. யாரு எத எடுத்தாங்கன்னு சர்வர்லயே பதிவாயிருமுங்க, உங்க பேரோட. காத்தால பாத்ததுமே திரும்பப் போட ஆரம்பிச்சுட்டேன், டேட்டா அப்படியே இருக்கு. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஆனா சாய்ப்ரியாகிட்டயாச்சும் நான் சொல்லியிருக்கோணும். அது என் தப்பு.”

சாய்ப்ரியாவை என் பைக்கிலேயே அவிநாசியில் கொண்டுபோய் விட்டேன். வழி நெடுக அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூன் 30, திங்கள்

நிரந்தரம் இல்லை. தகுதிகாண் காலம் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பு. கயல்விழியிடம் மாடு முதல் பொய் வரை எல்லாம் சொன்னேன். மாட்டுக்குச் சிரித்தாள். பொய்க்குச் சிரிக்கவில்லை.

ஜூலை 2, புதன்

சாய்ப்ரியா இன்று பேசினாள். “அண்ணா, பழசு ஒண்ண நீக்கோணும். பட்டியல ஒருக்கா பாத்துச் சொல்றீங்களா?”

இருபத்தேழு பெயர். விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். பத்தொன்பதாவதாக டேட்டாபேஸ் இருந்தது. தொடரவா என்று கேட்டது, அதே மரியாதையோடு.

n தட்டினேன். அது கோபித்துக்கொள்ளவே இல்லை.