லூர்து வரமாட்டேன் என்கிறாள்

செவ்வாய், கார்த்திகை 11

தூறல். பகல் பன்னிரண்டு மணிக்குத் தஞ்சாவூர் வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் நிற்க இடமில்லை. பட்டுக்கோட்டையிலிருந்து ரோட்டோரம் நெடுக அறுத்துப் போட்ட மரம், சாய்ந்த கரண்ட் கம்பம். தஞ்சாவூர் நெருங்க நெருங்க எல்லாம் நேராக நிற்கிறது. அதைப் பார்க்கவே எரிச்சல்.

மகன் ஜெரால்டின் ஏற்பாடு. சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு போனைத் தட்டி இங்கே ஓட்டலில் ரூம் போடுகிறான். கிறிஸ்துமஸ் வரைக்கும் போட்டிருக்கிறானாம். புயலுக்குப் பிறகு தோப்பு வீட்டில் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, குடத்தில்தான் தண்ணீர். "கரண்ட் வர்ற வரைக்கும் அங்க இருங்கப்பா. உங்களுக்கு வேணாம்னா அம்மாவ நெனச்சுப் பாருங்க." பெற்ற பிள்ளை போடும் உத்தரவு. நாலு நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் லூர்துவை (இனி ல.) கூட்டிக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது மாடி. ஏ.சி. வெள்ளை விரிப்பு, உட்காரவே கூச்சம். சாவி கிடையாது, ஓர் அட்டை. அதைச் சுவரில் சொருகினால்தான் லைட் எரியும். ஜன்னலுக்கு நேர் கீழே பூங்கா.

பையில் வந்தவை: வேட்டி மூன்று, ல.வின் சேலைகள், பிரஷர் மாத்திரை, ஜெபமாலை, இந்த டைரி, டார்ச் லைட், மெழுகுவத்தி ஒரு கட்டு, தீப்பெட்டி. கரண்ட் இருக்கிற ஊருக்கு மெழுகுவத்தி எதற்கு என்று ல. சிரிக்கிறாள். பழக்கதோஷம்.

ல. குளியலறைக்குள் போய் அரை மணி நேரம். குழாயில் வெந்நீர் வருகிறதாம். உள்ளிருந்தே இரண்டு தடவை சொன்னாள்.

புதன், 12

விழித்தபோது பக்கத்தில் ல. இல்லை. செருப்பும் இல்லை. ஒரு நிமிஷம் பதறிவிட்டேன். திரையை விலக்கினால் கீழே பூங்காவில் நடந்துகொண்டிருக்கிறாள். பச்சைச் சேலையை வைத்துத்தான் அடையாளம். கையை வீசி வீசி நடக்கிறாள். வீட்டில் கொல்லைப்படி இறங்க "அம்மா, அப்பா" என்று முனகுகிற முழங்கால். முன்னால் போன இரண்டு பெண்களைத் தாண்டிப் போனாள். மேலேயிருந்து எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. வேறு வேலையும் இல்லை.

டிபன் கீழே. எல்லாம் மூடி போட்ட பாத்திரத்தில் இருக்கும், நாமே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்து மேஜையில் புயல் சேதம் கணக்கெடுக்கச் சென்னையிலிருந்து வந்த அதிகாரிகள். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"தென்னையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு கெடக்கு சார். எங்கேருந்து எண்ணுறது?"

"வடை சூடா இருக்கு, எடுத்துக்குங்க."

எழுந்து போய் என் தோப்பையும் வந்து பாருங்கள் என்று சொல்லிவிடலாமா? வார்த்தையெல்லாம் வாய்க்குள் அடுக்கி வைத்தாயிற்று. அவர்களில் ஒருவர் என் பக்கம் திரும்பி, "சக்கரை எங்க இருக்குங்க?" என்றார். காட்டினேன். அவ்வளவுதான்.

தோப்பைப் பார்த்துக்கொள்ளும் காத்தமுத்து போன். "அண்ணே, மரம் அறுக்குற மெஷினு இன்னும் வரல. பக்கத்துத் தோப்புலதான் நிக்கிது. சத்தம் மட்டும் கேக்குது." நானூறு மரத்தில் நிற்பது நாற்பது தேறாது. நான் இங்கே ஏ.சி.யில்.

பகலில் தூங்கினேன். தலைவலி.

வியாழன், 13

வெயில். உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. கீழே வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். வரவேற்புக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் ஓடி வந்து, "ஏதாவது வேணுமா சார்?" வேலை வேண்டும் என்று சொல்ல முடியுமா?

ல. இழுத்ததால் பூங்காவுக்குப் போனேன். ஒரு கிளை முறிந்து கிடக்கிறது, அதைச் சுற்றி நாலு பேர் நின்று போட்டோ எடுக்கிறார்கள். காவலாளியிடம் பேச்சுக் கொடுத்தேன். "இங்க காத்து அவ்வளவா இல்லீங்க. நல்ல மழை, அவ்வளவுதான்" என்றார். நல்ல மழையாம். அவரைச் சொல்லி என்ன பயன். ஆனாலும் கை நமநமவென்றது.

ல. பொம்மை ரயிலில் ஏறிவிட்டாள். குழந்தைகள் நடுவே முட்டியை மடக்கிக்கொண்டு, ஏறிய வெட்கம் கொஞ்சம்கூட இல்லாமல். அவள் இந்த ஊர்ப் பெண். அப்பா ரயில்வேயில் இருந்தார். குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். கல்யாணம் ஆகித் தோப்புக்கு வந்தபோது இருபது வயது. ரயிலிலிருந்து எனக்குக் கை வேறு காட்டினாள். யாராவது பார்த்திருப்பார்களோ.

மாலை ஜெரால்ட் போன். ல. ஸ்பீக்கரில் போட்டாள்.

"எப்டிம்மா இருக்கு ஓட்டலு?"

"இங்கயே இருந்துரலாம் போல இருக்குடா."

"இரும்மா. யாரு வேணாங்குறா?"

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

ரூம் கூட்ட வரும் செல்வியும் ல.வும் ஒரே பேச்சு. வல்லத்துப் பக்கம் ஊராம். "அம்மா, நீங்க ஏன் படுக்கைய மடிக்கிறீங்க? அப்பறம் எனக்கு எதுக்குச் சம்பளம்?" ல. மடித்த விரிப்பை மறுபடி பிரித்துவிட்டாள். பிரித்த பிறகு ஒரு திருப்தி முகத்தில்.

வெள்ளி, 14

நல்ல செய்தி. காத்தமுத்து சொல்கிறான்: மெயின் ரோடு வரை கரண்ட் வந்துவிட்டது, நம் பக்கம் இன்னும் இரண்டு நாள். மெஷினும் நம் தோப்புக்கு வந்தாயிற்று. தென்னங்கன்றும் கிடைக்கும்போல. நாற்றங்காலில் நம் பேரைச் சொல்லி வைத்திருக்கிறான்.

உடனே ல.விடம், "துணிய எடுத்து வை. காலைல மொதல் பஸ்ஸு" என்றேன். ஜன்னலோரம் நின்று தலை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"நான் வரலீங்க."

"ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. நீங்க போங்க. நான் வரல."

விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை. குரல் உயரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோபப்பட்டால் சமாளித்துவிடுவேன். பழக்கம்.

"மரம் விழுந்துச்சேன்னு பயமா? இனி விழறதுக்கு என்ன இருக்கு அங்க? புயலுக்கு மறுநாள் கொல்லை வாசல்ல நின்னு நீயும்தானே அழுத?"

"நான் எங்க அழுதேன்? கண்ணு கூசுச்சுங்க."

எனக்குப் புரியவில்லை.

"கதவத் தெறந்தேன், அவ்வளவு வெளிச்சம். வானம் தெரிஞ்சுச்சு. கல்யாணமாகி வந்ததுலேருந்து பகல்லயும் லைட்டப் போட்டுத்தானே சமைக்கிறேன்? மரம் விழுந்தப்பறம்தாங்க அந்த வீட்டுக்குள்ள வெளிச்சமே வந்துச்சு. நீங்க இப்ப மறுபடியும் கன்னு வைக்கப் போறீங்க. வைங்க. உங்க மண்ணு. ஆனா மறுபடியும் அந்த இருட்டுக்கு நான் வரல."

அந்த மரம்தான் ஜெரால்டைப் படிக்க வைத்தது, அந்த மரம்தான் அவனைப் பிளேன் ஏற்றியது என்று கத்தினேன். பக்கத்து ரூமுக்குக் கேட்டிருக்கும்.

"இல்லேன்னு சொன்னேனா?" என்றாள். தலைமுடியை முடிந்துகொண்டு கீழே போய்விட்டாள். பூங்காவுக்குத்தான். ஜன்னலிலிருந்து பார்க்கக்கூடாது என்று இருந்தேன். பார்த்தேன். நடக்கவில்லை, ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

என் மரம் செத்ததில் இவளுக்கு வெளிச்சம்! தோப்பு முழுக்கக் கிடப்பது பிணம் மாதிரி எனக்கு. இவளுக்குக் கண் கூசியதாம். இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொன்னாளா? சொன்னாளோ?

சாப்பாடு தனித்தனியாக. தயிர்சாதம்.

சனி, 15

தனியாகப் போனேன். பஸ்ஸில் ஜன்னல் சீட். ஒன்றும் பார்க்கவில்லை.

தோப்பில் மெஷின் சத்தம், ஈரத் தூள் வாசனை. முன்பக்கம் பாதி துப்புரவாகிவிட்டது. காத்தமுத்து கயிறு பிடித்து இருபத்தைந்து அடிக்கு ஒரு முளைக்குச்சி அடித்து வைத்திருக்கிறான், குழி வெட்ட. வரிசை சுத்தம். பழைய வரிசையேதான். கன்று நெட்டை ரகம். காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அப்போது எனக்கு எழுபது தாண்டியிருக்கும். அதை யாரும் சொல்லவில்லை, நானே நினைத்துக்கொண்டேன்.

"அண்ணி வரலியா அண்ணே?"

"முழங்கால் வலி."

பூட்டைத் திறந்து வீட்டுக்குள் போனேன். சமையல்கட்டில் சுவிட்சைப் போட்டேன். கரண்ட் இல்லாதது மறந்துவிட்டது. இருட்டில் தடவிப் போய்க் கொல்லைக் கதவைத் திறந்தேன். வெயில் அடுப்பு வரைக்கும் வந்து விழுந்தது. சுவரெல்லாம் கரி. அண்டாவில் ஓர் ஒடுக்கு. அலமாரித் தட்டில் அவள் ஒட்டி வைத்த மாதா படம், நீலம் எல்லாம் புகையில் பழுப்பாகிவிட்டது. அங்கே அப்படி ஒரு படம் இருப்பதே எனக்குத் தெரியாது. சாப்பிடக் கூப்பிட்டால் கூடத்தில் உட்காருவேன், தட்டு வரும். உள்ளே எனக்கு என்ன வேலை.

கொஞ்ச நேரம் நின்றேன். கண் கூசத்தான் செய்தது.

காத்தமுத்து ஒரு மரத்தின் குருத்தை வெட்டி வாழையிலையில் சுற்றிக் கொடுத்தான். மரத்தைக் கொன்றால்தான் குருத்து கிடைக்கும் என்பதால் நம் வீட்டில் யாரும் தின்றதில்லை. வேண்டாம் என்றேன். "அண்ணிக்குக் குடுங்கண்ணே. மண்ணுக்குப் போறதுதானே?" என்றான்.

சாயங்காலம் தஞ்சாவூர். பூங்கா வழியாகக் குறுக்கே வந்தேன். அண்ணாந்து பார்த்தால் மூன்றாவது மாடியில் எங்கள் ஜன்னலில் விளக்கு, அதில் ல. நிற்கிறாள். நான் பார்த்ததும் திரையை இழுத்துவிட்டாள்.

குருத்தைப் பிரித்தேன். கத்தி கிடையாது. செல்வி எங்கிருந்தோ கொண்டுவந்தாள். வெள்ளை வெளேர் என்று இருந்தது. மூன்று பேரும் தின்றோம். "இனிப்பா இருக்குங்க" என்றாள் ல. நேற்றிலிருந்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை. இனிப்பாகத்தான் இருந்தது. என்ன செய்வது.

ஞாயிறு, 16

காலைப் பூசை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது, முதல் ஊதா மெழுகுவத்தி ஏற்றினார்கள். சாமியார் காத்திருத்தலைப் பற்றிப் பிரசங்கம். நான் முளைக்குச்சியைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிபன் மேஜையில் தட்டுக்கு அடியில் ஒரு காகிதம் விரிக்கிறார்கள். அதைத் திருப்பிப் போட்டு வீட்டை ஒரு கட்டமாக வரைந்தேன். சுற்றிலும் புள்ளி, வரிசை வரிசையாக. ல. காபியை ஆற்றிக்கொண்டே பார்த்தாள்.

"கொல்லைப் பக்கம் ரெண்டு வரிசைய விட்டுடறேன்" என்றேன். இதைச் சொல்ல ராத்திரியெல்லாம் புரண்டது எனக்குத்தான் தெரியும். இரண்டு வரிசையை அடித்துக் காட்டினேன்.

பேனாவை வாங்கினாள். மூன்றாவது வரிசை. நாலாவது. கிழக்குப் பக்கம் திரும்பி அங்கேயும் இரண்டு. தோப்பைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்காதவள், கொத்தமல்லி ஆய்வதுபோல் அடித்துக்கொண்டே போகிறாள். தட்டெடுக்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"போதுமா?" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இதுல சமையக்கட்டு ஜன்னல் எங்கங்க?"

"அந்தப் பக்கம் ஏது ஜன்னல்? வெறும் சொவரு. மட்டை அடுக்குற எடமாச்சே."

"அதத்தான் கேக்குறேன்."

பேனாவை என் பக்கம் நகர்த்தினாள். "ஜன்னல வச்சுட்டுக் கூப்பிடுங்க. வர்றேன். அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன்." பிறகு இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டாள்.

மிச்சமிருந்த புள்ளியை எண்ணவில்லை. எண்ணினால் மனசு மாறிவிடும். அங்கிருந்தே காத்தமுத்துவுக்குப் போன். எந்தெந்த வரிசைக் குச்சியைப் பிடுங்க வேண்டும் என்று சொன்னேன். "எதுக்குண்ணே? நல்ல எடமாச்சே?" பிடுங்குடா என்றேன். பாவம், அவனிடம்தான் கத்த முடிகிறது.

திங்கள், 17

மப்பு. மழை இல்லை.

காலையிலிருந்து கொத்தனார் தேடல். புயலுக்குப் பிறகு பட்டுக்கோட்டைப் பக்கம் கொத்தனார் குதிரைக்கொம்பு. ஊர் முழுக்க ஓடு மாற்றுகிறார்கள், சுவர் எழுப்புகிறார்கள். ஒருவர் போனையே எடுக்கவில்லை. ஒருவர் பொங்கலுக்குப் பிறகு என்றார். காத்தமுத்துவின் மச்சான் சொல்லி ஒருவர் கிடைத்தார். வயசுப் பையன் குரல். ஜன்னலோரம் நின்று பேசினேன். ல. கீழே தன் மூன்றாவது சுற்றில்.

"என்ன வேலைங்க? ஓடா, சொவரா?"

"ஒரு ஜன்னல் வைக்கணும்ப்பா."

"காத்துல பேந்துக்கிட்டுப் போன ஜன்னலுங்களா?"

"இல்ல. வைக்காமயே விட்டது."

வியாழக்கிழமை வருகிறாராம். "அடுப்புக்கு மேல வருதா, பக்கத்துல வருதா? எந்த ஒசரத்துல வைக்கணும், சொல்லுங்க. நிக்கிறவங்க ஒசரம் தெரிஞ்சாத்தான் வெளிய பாக்குற மாதிரி வைக்க முடியும்" என்றார்.

கையை என் மார்புக்கு நேரே வைத்துப் பார்த்தேன். தோளுக்கு வைத்துப் பார்த்தேன். ல. எனக்கு எது வரைக்கும் வருவாள் என்று சொல்லத் தெரியவில்லை. இரு, கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

கீழே இறங்கிப் போக வேண்டும்.