மேல்தட்டில் இரண்டு பெட்டிகள்

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் சௌக்கியம். ஐந்து மாதமாக உன்னிடமிருந்து ஒரு போன் இல்லை, நானும் பண்ணவில்லை. உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

அம்மா போன அன்று வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த நீ எல்லார் முன்னாலும், "அத்தனை தடவ மணி அடிச்சிருக்கா, உன் காதுல விழலையா?" என்று கேட்டாய். நியாயமான கேள்விதான். கட்டிலில் பொத்தானை அழுத்தினால் சமையலறையில் மணி அடிக்கும். அந்த மதியம் சமையலறையில் நின்றுதான் உன்னோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். நாலு தடவை அழுத்தியும் யாரும் வராமல், அம்மா தானே எழுந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவேயில்லை.

காதில் கோளாறோ என்று டாக்டரிடம்கூடப் போனேன். நன்றாகத்தான் கேட்கிறதாம்.

நேற்று என் மகள் வீடியோ வகுப்பில் இருந்தாள். அம்மாவின் கட்டிலைத் துடைக்கும்போது பொத்தானில் கை பட்டது. சத்தமே இல்லை. வகுப்பு முடிந்ததும் அழுத்தினேன், அலறியது. நீ வைஃபை மாட்டுகிற வேலையில் இருக்கிறவன். இப்படியும் நடக்குமா? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

உன் தங்கை

மார்ச் 19

அன்புள்ள குட்டி,

நடக்கும். உன் காதில் ஒரு குறையும் இல்லை.

கம்பியில்லாத அந்த மணியும் வைஃபையும் ஒரே அலைவரிசையில் ஓடுகிறவை. வைஃபை பெட்டி பக்கத்திலேயே இருந்து, அதில் வீடியோவும் ஓடினால், சந்தைக் கூச்சலில் கூப்பிட்ட மாதிரி மணியின் சிக்னல் அமுங்கிவிடும். பெட்டியைத் தள்ளி வைக்க வேண்டும், இல்லையென்றால் சேனலை, அதாவது அலைவரிசைக்குள் அது ஓடுகிற தடத்தை, மாற்ற வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தருகிற பாடம். வீடு வீடாகப் போய் நானும் அதைத்தான் சொல்கிறேன்.

அம்மா விழுவதற்கு முந்தின மாதம் விடுமுறையில் வந்தபோது, கூடத்திலிருந்த பெட்டியைச் சமையலறை மேல்தட்டில் மணிப் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டியது நான்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் அறை. வீடியோவில் அவள் முகம் விட்டுவிட்டு வராமல் தெரிய வேண்டும் என்ற அவசரம்.

இன்னொன்றும் இருக்கிறது. அம்மா போன அன்று தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். இரண்டும் ஒட்டி நிற்பதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கூடத்துக்கு வந்து உன்னைக் கேட்டேன். என்னை யாராவது கேட்பதற்குள் உன்னைக் கேட்டுவிட்டேன்.

மன்னித்துவிடு என்று எழுதவும் கூசுகிறது.

அண்ணன்

ஏப்ரல் 2

அண்ணா,

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. மாட்டியதற்காக உன்மேல் கோபமில்லை. அம்மாவைப் பார்க்கத்தானே மாட்டினாய். தெரிந்தும் என்மேல் பழியைப் போட்டாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

உனக்குத் தெரியாதது ஒன்று சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் அம்மா, "எங்கடி போன?" என்று கேட்டாள். உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் உன்மேலும் வருத்தப்படுவாள் என்று, "தூங்கிட்டேம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அலுப்பா இருந்திருக்கும். அண்ணன்கிட்ட சொல்லிக்காத, திட்டுவான்" என்றாள்.

இப்போதைக்கு போன் பண்ணாதே. என்னால் எப்போது முடிகிறதோ, அப்போது நானே பண்ணுகிறேன்.

தங்கை