மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு

ஆம்பூர்
8.8.1999

அன்பு மகன் நெல்வினுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் சௌக்கியம், மஸ்கட் வெயிலில் உனக்கும் அவரே நிழலாக இருப்பார் என்று நம்புகிறேன். என் கணக்குப் பரீட்சை ரிசல்ட் வந்துவிட்டது. கடைசி வரிக்கு ஓடாதே, வரிசையாகப் படி.

இரண்டு தடவை என்னைக் கவிழ்த்த அதே தொகையீட்டுத் தாள், இந்தத் தடவையும் போனால் அஞ்சல் வழிப் படிப்பையே மூட்டை கட்டிவிடுவது என்றுதான் போனேன். மேலே எக்ஸ் கியூப் மைனஸ் எட்டு, கீழே எக்ஸ் மைனஸ் இரண்டு, தொகையிடு என்று கேட்டிருந்தான். போன வருஷம் இப்படி ஒன்றை அப்படியே தொகையிடப் போய், கூடுதல் தாளாக வாங்கி வாங்கி எழுதி, நடுவில் வழி தெரியாமல் நின்றேனே. இந்தத் தடவை, அம்மா, அப்பாவோட ஃபேக்டரில தைக்கிறதுக்கு முன்னாடி தோல் ஓரத்தை சீவி மெலிசாக்கறாங்க இல்ல, அந்த மாதிரி முதல்ல சுருக்கு, அப்புறமா தொகையிடு என்று நீ போனில் கத்தினது ஞாபகம் வந்தது. மேலே இருந்ததைக் காரணிப்படுத்தினேன், அதிலும் ஓர் எக்ஸ் மைனஸ் இரண்டு! ஆனால் கை ஓடவில்லை. அடித்தல் திருத்தல் இருந்தால் பிள்ளைகளுக்கு மார்க்கைக் குறைக்கிறவள் நான், விடைத்தாளில் அடிக்க மனசு வருமா? கடைசியில் ஸ்கேலை வைத்து நேராக மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்டேன். மிச்சத்தை ஒரே வரியில் தொகையிட்டு முடித்தேன். கடைசியில் மாறிலி சி-யைக் கூட்டிப் போட்டியா என்று கேட்காதே, போட்டேன். அட கர்த்தாவே, இதற்கா இவ்வளவு அழுதேன் என்று ஹாலிலேயே சிரித்துவிட்டேன், சூப்பர்வைசர் முறைத்தார்.

ரிசல்ட் அன்று உன் அப்பா என்னைக் கேட்கக்கூட இல்லை, பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து நின்றார். பாஸுன்னா சந்தோஷத்துக்கு, ஃபெயிலுன்னா ஆறுதலுக்கு, இன்னா இப்போ, சூடா சாப்பிடு என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வேளைக்குச் சாப்பிடு, ஜாஸ்தி கண் விழிக்காதே, ஞாயிறு ஆராதனையை விடாதே. உன் கையின் கிரியைகளைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. ஒன்றை மறக்காதே, இனிமேல் கவர் மேல் என் பெயரைக் கீழே இருக்கிறபடியே முழுசாக எழுது, போஸ்ட்மேன் கோதண்டராமன் தெருவெல்லாம் படித்துக்கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
திருமதி ஜெயபுஷ்பம் வில்சன், பி.எஸ்சி. (கணிதம்)