அச்சில் வந்த மொட்டைக் கடுதாசி

6.7.98, திங்கள்

காலையிலிருந்து காற்று, சாரல். துணி காயவில்லை. ஈரப் புடவையோடு ஆபீஸ்.

வந்த மெயில்களை வழக்கம்போல பிரிண்ட் எடுத்தேன். ஒன்று என்னைப் பற்றி. "உங்கள் ஆபீஸ் மரகதம், பம்ப்செட் விலைப்பட்டியலைப் போட்டிக் கம்பெனிக்குக் கொடுக்கிறாள்." அனுப்பியவர் பிரகாஷ். யாரோ, எவனோ. கிழித்துப் போட்டிருக்கலாம். ஒளிக்க எனக்கு என்ன இருக்கிறது? நானே கொண்டுபோய் முதலாளி மேசையில் வைத்தேன்.

"ஏனம்மணி, நெசந்தானா?"

"இல்லீங்கய்யா."

"பேரு, தேதியெல்லாம் அச்சுல இருக்குதே."

ஆறு வருஷ வேலை. ஒரு தாளுக்கு இருக்கும் மதிப்பு எனக்கு இல்லை.

7.7, செவ்வாய்

ஃபவுண்டரி ஆட்கள் மேல் எத்தனை மொட்டைக் கடுதாசி வந்திருக்கும். முதலாளி படிக்காமலே கிழித்துக் கூடையில் போடுகிற மனுஷர். கம்ப்யூட்டரில் வந்தால் மட்டும் வேதவாக்கு.

அந்தப் பிரகாஷுக்குப் பதில் போட்டேன். நீங்கள் யார், எதைப் பார்த்தீர்கள் என்று. உடனே திரும்பி வந்துவிட்டது. அப்படி ஒரு முகவரியே இல்லையாம். அதையும் பிரிண்ட் எடுத்துக் காட்டினேன்.

"லைன் கோளாறா இருக்குமுங்க மாமா," என்றான் முதலாளியின் அக்கா மகன் சதீஷ். அவரும் தலையாட்டினார்.

அம்மாவுக்கு பி.பி. மாத்திரை, பால் பாக்கெட். இரண்டும் மறந்தாயிற்று.

8.7, புதன்

சாரல் இல்லை. இன்று விடுவதில்லை என்றுதான் போனேன்.

மெயில் செட்டிங்கில் அனுப்புகிறவர் பெயர், முகவரி என்று இரண்டு கட்டம். எதை அடித்தாலும் வாங்கிக்கொள்ளும். முதலாளியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் பெயரையே போட்டு, வாயில் வந்த ஒரு முகவரியைப் போட்டு, அவருக்கே ஒரு மெயில். "மரகதம் நேர்மையானவள்."

பிரிண்டைப் பார்த்தார். "அட, நான் எழுதவே இல்லியே."

அப்பாடா என்றிருந்தது. சதீஷ் சிரித்தான்.

"பாத்தீங்களா மாமா. பொய் மெயில் உடறதுக்கு நம்ம ஆபீசுல இந்தப் புள்ளைக்கு மட்டுந்தானுங்க தெரியுது."

முதலாளி தாளை மடித்துப் பையில் வைத்தார். "மெயில் பாஸ்வேர்டை இவங்கிட்டக் குடுத்துப்போடு அம்மணி."

நிஜமாகவே திருடி மாட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

9.7, வியாழன்

பாஸ்வேர்ட் கொடுத்தாயிற்று. மேசை டிராயர் காலி. டிபன் பாக்ஸ், குடை, சாமி படம்.

ராஜினாமாவை அவர் எதிரிலேயே உட்கார்ந்து, என் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

கண்ணாடி போட்டுப் படித்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏனம்மணி, இது நீ எழுதுனதுதானா?"